வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பாலைத் தொடர முடியுமா?

வாசகி ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

என் மகளுக்கு நான்கு மாதம் முடியப் போகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறாள். இன்னும் மூன்று வாரத்தில் நான் முழுநேர வேலைக்குத் திரும்ப வேண்டும். போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் நாளுக்குப் பத்து மணி நேரம் அவளைப் பிரிந்திருப்பேன். நேற்று முதன்முறையாகப் பம்ப் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வந்தது. உனக்குப் பால் போதவில்லை, இப்போதே பவுடர் பாலுக்குப் பழக்கிவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே தாய்ப்பாலைத் தொடர்ந்தவர்கள் உண்மையில் இருக்கிறார்களா?

பிப்ரவரி 3, இரவு

இருக்கிறோம். நான் நான்கரை மாதத்தில் முழுநேர வேலைக்குத் திரும்பினேன். என் மகன் 22 மாதம் வரை பால் குடித்தான்.

முதலில் அந்த 40 மில்லியைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் புட்டியில் தெரியும் அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் நடக்கிறது. குழந்தை நாள் முழுவதும் நேரடியாகக் குடித்துக்கொண்டிருக்கும்போது இடையில் நீங்கள் எடுப்பது அவள் குடித்தது போக மீந்த பால். மீந்ததில் 40 மில்லி என்பது குறைவே அல்ல. அதோடு, குழந்தையின் வாயும் நாக்கும் செய்கிற வேலையைப் பம்ப் அப்படியே செய்துவிடுவதில்லை. அதில் வந்த அளவை வைத்து மார்பில் சுரக்கும் பாலை அளக்க முடியாது.

பால் போதுகிறதா என்பதற்கு மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் வேறு: எடை சீராக ஏற வேண்டும், நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், விழித்திருக்கும் நேரத்தில் குழந்தை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்தால் உங்களுக்குப் பால் போதுகிறது.

இனி கணக்கு. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி அளவில் குடிக்கிறது. குழந்தைக்குக் குழந்தை இது நிறையவே மாறும். ஆனால் ஒரே குழந்தைக்கு இந்த மாதங்களில் அளவு பெரிதாக ஏறிக்கொண்டே போவதில்லை. பத்து மணி நேரப் பிரிவுக்கு ஏறக்குறைய 300 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 100 மில்லியாக மூன்று வேளை. நீங்கள் மலைக்கும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை.

பிப்ரவரி 4

நேற்று கணக்கோடு நிறுத்திவிட்டேன். அந்தக் கணக்குத் தெரியாததால் நான் என்ன பாடுபட்டேன் என்பதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வேலைக்குப் போன முதல் வாரத்தில் நான் புட்டியைக் கையில் ஏந்தியபடி கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். 20 மில்லியைத் தாண்டுகிறதா, 30-ஐத் தொடுகிறதா என்று ஒவ்வொரு துளிக்கும் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். பார்க்கப் பார்க்கத் துளிகள் விழுவது குறைந்துகொண்டே போகும். இதற்குக் காரணம் இருக்கிறது. பாலைச் சுரக்க வைப்பது ஒரு ஹார்மோன், சுரந்த பாலை வெளியே தள்ளுவது இன்னொன்று. வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் பதற்றத்தில் தடைபடும், பால் இறங்கத் தாமதமாகும். இருக்கிற பால் எங்கேயும் போய்விடாது, இறங்க மறுக்கும், அவ்வளவே.

என் அக்காதான் வழி சொன்னாள். மகனின் ஒரு சிறு காலுறையைப் புட்டியின் மேல் மாட்டிக் கோடுகளை மறைத்துவிடச் சொன்னாள். காலுறையை மாட்டிவிட்டு, அவன் இரவில் போர்த்தியிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை அதில் புதைத்தபடி உட்கார்ந்தேன். அந்தத் துணியில் பால் வாடையும் அவன் உச்சந்தலை மணமும் கலந்திருந்தன. மூன்றாவது நிமிடத்தில் மார்பில் அந்தச் சுரீரென்ற உணர்வு வந்தது. அன்று நான் எவ்வளவு வந்தது என்று பார்க்காமலே மூடியைப் போட்டேன். பிறகு வீட்டில் பார்த்தபோது முந்தைய நாளைவிட அதிகம் இருந்தது.

பிப்ரவரி 6

பம்ப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் வகை நேரத்தைப் பாதியாக்கும். வேலைக்கு இடையில் எடுப்பவர்களுக்கு அதுவே நல்லது.

ஆனால் எந்த வகையை வாங்கினாலும் மார்பில் பொருத்தும் புனலின் அளவு சரியாக இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் புனல் எல்லோருக்கும் பொருந்தாது. காம்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து அதற்கேற்ற புனலை வாங்க வேண்டும். எனக்கு வந்தது மிகப் பெரிது. காம்போடு சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே இழுபட்டு, வலியும் வீக்கமும் வந்து, பாலும் குறைவாகவே வந்தது. இரண்டு வாரம் என் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சிறிய புனலை மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது.

அளவு திடீரென்று குறைந்தால் வால்வைப் பாருங்கள். அந்தச் சிறு சிலிக்கோன் துண்டு நாளடைவில் தளர்ந்துபோகும், உறிஞ்சும் விசை குறையும். பால் வற்றிவிட்டது என்று கலங்குவதற்கு முன் வால்வை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: பம்பை மட்டும் நம்பாமல் கையையும் சேருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேன் மார்ட்டனும் அவருடைய குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்கள் பம்போடு கையாலும் அழுத்தி எடுத்தபோது பால் சுரப்பு கூடியதைக் காட்டினார்கள். அது வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் செய்த ஆய்வு இல்லை. இருந்தாலும் பம்ப் நின்ற பிறகு இரண்டு நிமிடம் கையால் பீச்சினால் கடைசியில் வரும் அந்தக் கெட்டியான பாலை நீங்களே பார்ப்பீர்கள்.

பிப்ரவரி 9

ஒரு திருத்தம். வேறொரு உரையாடல் இழையில் நான் "எல்லோரும் மூன்று முறை எடுத்தால் போதும்" என்று எழுதியிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டினார். அப்படி எழுதியது தவறு. சிலருடைய மார்பு ஒரே நேரத்தில் நிறையப் பாலைத் தாங்கும், சிலருடையது குறைவாகத்தான் தாங்கும். பால் தேங்கி நின்றால் சுரப்பு மெதுவாகும், காலியாக ஆகத்தான் வேகம் பிடிக்கும். குறைவாகத் தாங்கும் மார்புள்ளவர் மூன்று முறையோடு நிறுத்தினால் சில வாரங்களில் சுரப்பு இறங்கிவிடும். அவர் நான்கு முறை எடுக்க வேண்டியிருக்கலாம். குழந்தை வீட்டில் எத்தனை மணிக்கு ஒரு முறை குடிக்கிறதோ அதையே முதலில் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

வேலையிடத்தில் எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். இதைத்தான் நான் மிக மோசமாகச் செய்தேன், ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். அப்போதைக்கப்போது நேரம் பார்த்து எழுந்து போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் பதினொரு மணிக்கு எழ நினைத்தபோது கூட்டத்துக்கு அழைத்தார்கள். அது ஒரு மணிக்கு மேலும் நீண்டது. மார்பு கல்லாகக் கனத்து, சட்டை நனைந்து, ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எடுக்க இடமும் இல்லை. பழைய கணினிகளை அடுக்கியிருந்த சிறு அறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவில் நாற்காலியைச் சாய்த்து வைத்து எடுத்தேன். ஒருமுறை ஒருவர் கதவைத் தள்ளிவிட்டார். அன்றைக்குப் பிறகு மூன்று நாள் கழிப்பறையில் எடுத்தேன். சாப்பாடு செய்ய யாரும் கழிப்பறையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், என் குழந்தையின் சாப்பாட்டை நான் அங்கே வைத்து எடுத்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

நான்காம் நாள் என் மேலாளரிடம் நேராகப் போய்ப் பேசினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவருக்கு அதைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்கவில்லை. "எவ்வளவு நேரம் வேண்டும், எத்தனை முறை, எத்தனை மாதத்துக்கு?" என்று மூன்று கேள்வி கேட்டார். அந்த மூன்றுக்கும் எண்ணாகவே பதில் சொன்னேன். மறுநாள் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையின் சாவி என் கைக்கு வந்தது. ஆகவே வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பூட்டக்கூடிய அறை, மின்சாரம், உட்கார இருக்கை, கை கழுவ அருகில் தண்ணீர், பாலை வைக்கக் குளிர்ச்சியான இடம்: இவ்வளவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாட்காட்டியில் உங்கள் நேரத்தைக் கூட்டம் போலவே குறித்துவிடுங்கள்.

இதைச் சலுகையாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் தொடங்கிய ஆண்டிலேயே கொண்டுவந்த மகப்பேறு உடன்படிக்கை, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள் நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் கொடுக்கச் சொன்னது. 2000-ல் வந்த 183-ஆம் உடன்படிக்கை அந்த இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட்டு ஊதியமும் கொடுக்க வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுவிடவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் படித்துவிட்டுப் போய்ப் பேசுங்கள், குரலில் உறுதி வரும்.

பிப்ரவரி 15

பாலை வைத்திருக்கும் கால அளவுகள். நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்கு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவுகளை நான் பின்பற்றினேன். 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது, 12 மாதம் வரை ஏற்கத்தக்கது. ஐஸ் பொதிகள் வைத்த காப்புப் பையில் 24 மணி நேரம் வரை தாங்கும். அறை அதைவிட வெக்கையாக இருந்தால் நான்கு மணி நேரத்தை நம்பாமல் எடுத்த உடனே குளிரில் வைத்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் விதிகள் கடுமையானவை, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் மேலே ஆடைபோல் கொழுப்பு திரளும். கெட்டுவிட்டது என்று என் அம்மா ஒரு புட்டியைக் கொட்டியே விட்டார். மெதுவாகச் சுழற்றினால் அது கலந்துவிடும். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து குழந்தையின் வாயைச் சுடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்தால் போதும்.

பிப்ரவரி 16

நேற்று விட்டுப்போனவை. உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கினால், முழுதும் இளகிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மீந்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். புதிதாக எடுத்த வெதுவெதுப்பான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு சேர்ப்பதானால் அதையும் குளிர வைத்த பிறகே சேருங்கள்.

உறைந்து இளகிய பால் சோப்பு வாடை அடிப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரிப்பதால் சிலருடைய பாலில் அந்த வாடை வரும். அது கெட்ட பால் இல்லை. குழந்தை குடித்தால் கொடுக்கலாம். மறுத்தால், எடுத்த உடனே ஓரங்களில் சிறு குமிழ் வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, சட்டென்று குளிர வைத்து உறைய வையுங்கள். ஃப்ரீசரை நிரப்பிவிட்டு இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதலில் ஒரு பொட்டலத்தை உறைய வைத்து ஒரு வாரம் கழித்து முகர்ந்து பாருங்கள்.

பிப்ரவரி 21

ஃப்ரீசரை நிரப்புவது பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. வேலைக்குத் திரும்பும் முன் மூன்று லிட்டர் சேர்த்தாக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, விடுப்பின் கடைசி வாரங்களை நான் பம்போடு கழித்தேன். மகன் பக்கத்தில் படுத்துக் கை நீட்டிக்கொண்டிருப்பான், நான் பால் எடுத்துக்கொண்டிருப்பேன். அந்த நாள்கள் திரும்ப வரவில்லை. முதல் நாளுக்கு வேண்டிய பாலும் கொட்டிப்போனால் சமாளிக்க இன்னொரு நாளுக்குமான பாலும் இருந்தால் போதும். திங்களன்று எடுத்ததைச் செவ்வாயன்று கொடுக்கலாம்.

கொட்டிப்போவதைப் பற்றிச் சொல்லும்போது: மூடி சரியாகத் திருகாத ஒரு புட்டியில் 160 மில்லி மேசை மேல் ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். துடைக்கத் துணி எடுக்கக்கூடக் கை வரவில்லை. அன்று கைகொடுத்தது ஃப்ரீசரில் இருந்த ஒரே ஒரு பொட்டலம்.

பிப்ரவரி 23

குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகும் உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் குழந்தை உறிஞ்சாமலே பால் வாய்க்குள் ஓடும், பத்து நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடத்தில் குடித்துவிடும், பிறகு "இன்னும் பசிக்கிறது போல, உன் பால் போதவில்லை" என்ற பேச்சு எழும். என் வீட்டில் அப்படித்தான் எழுந்தது. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, புட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து, மெதுவாக ஒழுகும் காம்பைப் போட்டு, நடுநடுவே நிறுத்திக் கொடுக்க வேண்டும். அம்மா அப்படிக் கொடுக்கத் தொடங்கிய வாரத்திலேயே 140 மில்லி கேட்டுக்கொண்டிருந்தவன் 100-இல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புட்டியை அடியோடு மறுக்கும் குழந்தைகளும் உண்டு. நீங்கள் கொடுத்தால் வாங்காது, உங்கள் வாடை வீசும் இடத்தில் புட்டியை வாங்க வேண்டியதில்லை என்று அதற்குத் தெரியும். வேறொருவர் கொடுக்கட்டும், நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். சிறு கிண்ணத்திலும் கரண்டியிலும் கொடுக்கலாம்.

மார்ச் 2

முதல் வாரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். திங்களன்று எடுத்தது 310 மில்லி, வெள்ளியன்று 230. பயந்துவிட்டீர்கள். எனக்கும் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் இருந்தது. வார நாள்களில் பம்ப் மட்டும் இழுத்ததால் சுரப்பு கொஞ்சம் தளரும். சனி, ஞாயிறு முழுவதும் புட்டியே இல்லாமல் நேரடியாகக் கொடுங்கள். திங்களன்று திரும்பி வரும். இரவில் சுரப்புக்கான ஹார்மோனாகிய புரோலாக்டின் அதிகமாக இருக்கும், ஆகவே இரவுப் பாலை நிறுத்த வேண்டாம்.

அவள் பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு இரவெல்லாம் குடிக்கிறாள் என்கிறீர்கள். பல குழந்தைகள் அப்படிச் செய்யும், அம்மா திரும்பி வரும் நேரத்துக்குக் காத்திருக்கும். தூக்கம் கெடும், நான் மறுக்கவில்லை. ஆனால் பகலில் எடுக்க வேண்டிய அளவு குறைகிறது. என் மகன் மாலையில் வாசலில் என் குரலைக் கேட்டதுமே வாயைத் திறந்துகொண்டு காற்றில் தேடுவான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கொடுத்த நாள்கள் உண்டு.

மார்ச் 5

அவசரமாக ஒரு திருத்தம். மார்பில் கட்டி விழுந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தி உருவிவிட வேண்டும் என்று சில மாதம் முன்பு இன்னொருவருக்கு எழுதியிருந்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தாய்ப்பால் மருத்துவக் கழகம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறை, அழுத்தி உருவுவது திசுவைக் காயப்படுத்தி வீக்கத்தைக் கூட்டும் என்கிறது. வழக்கம்போல் கொடுக்க வேண்டும், முற்றிலும் காலியாக்கியே தீர வேண்டும் என்று மீண்டும் மீண்டும் எடுக்கக் கூடாது, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளில் தணியாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். நான் பழைய முறையில் உருவி உருவி இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். அதைத் தீர்வு என்று எழுதியதற்கு வருந்துகிறேன்.

மார்ச் 19

ஒருவர் தனிமடலில் எழுதினார். நாளெல்லாம் நின்றபடி வேலை, இடைவேளை இருபது நிமிடம், அறை இல்லை. ஐந்தாம் மாதத்தில் பகலுக்குப் பவுடர் பாலைத் தொடங்கிவிட்டார். என் குறிப்புகளைப் படித்து அழுததாகச் சொன்னார்.

அவருக்கு எழுதியதை இங்கும் எழுதுகிறேன். பகலில் பவுடர் பால் குடிக்கும் குழந்தை காலையிலும் மாலையிலும் இரவிலும் தாய்ப்பால் குடிக்கலாம். அப்படி மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களை நான் அறிவேன். பகல் வேளையைப் படிப்படியாகக் குறைத்தால் மார்பு அந்த நேரங்களுக்குப் பழகிவிடும். முழுதாகக் கொடு, இல்லையேல் நிறுத்து என்று அவரிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். முன் குறிப்புகளில் நான் எழுதிய விதமும் அப்படித்தான் ஒலித்தது என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. எனக்குச் சாவி கொடுத்த ஒரு மேலாளர் இருந்தார், அவருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 8

உங்கள் மகளுக்கு எட்டு மாதம். உலக சுகாதார அமைப்பு ஆறு மாதத்தில் திட உணவைத் தொடங்கி, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது. ஒரு முறை எடுப்பதைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். அவள் பகலில் குடிப்பது தானாகக் குறைந்திருந்தால் குறைக்கலாம். நடுவில் உள்ளதை ஒரேயடியாக விடாமல், முதலிலும் கடைசியிலும் எடுப்பதைச் சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வாருங்கள். மார்பு கனத்தால் ஆறுதலுக்கு மட்டும் சிறிது எடுத்துவிடுங்கள்.

எப்போது பம்பை நிறுத்தினேன் என்றும் கேட்டிருந்தீர்கள். மகனின் பன்னிரண்டாம் மாதத்தில் வேலையிடத்தில் எடுப்பதை நிறுத்தினேன். அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அடுத்து அதை வாங்கிக்கொள்ள இன்னொரு தாய் காத்திருந்தார். அதன் பிறகு பத்து மாதம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவில் அவன் கேட்கும்போதெல்லாம் என்று பம்ப் இல்லாமலே தொடர்ந்தது.

பம்பை அந்தத் தாய்க்கே கொடுத்திருக்கலாமே என்பவர்களுக்கு: பால் மோட்டாருக்குள் போக வழியுள்ள வகையை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. என்னுடையது அந்த வகை. ஆகவே கொடுக்கவில்லை.